ஒன்றுகூடலுக்குக் குடும்பமாய்ப் போவோம்



கோடை வந்தால் இங்குள்ள பல நிறுவனங்கள் பணியாளர்களைக் குடும்பத்தோடு ஒன்றுகூடலுக்கு அழைக்கும். காட்டோரம் நெருப்பு மூட்டி செர்வெலா வாட்டுவார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். அழைப்பு நம் வீட்டுக்கும் வரும். ஆனால், "பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துவராது" என்று மனைவி நின்றுவிட, கணவர் மட்டும் போய் வருவார்.

சாப்பாட்டுக் காரணம் பொய்யல்ல. செர்வெலாவில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேரும். ஆனால் ஒழுங்கு செய்பவர் பதிவுத்தாளைப் பார்த்துத்தான் சாமான் வாங்குகிறார். "மரக்கறி 2, பிள்ளைகள் 2" என்று எழுதித் திகதிக்கு முன் கொடுங்கள். எழுதாமல் விட்டால் அவர் எப்படி அறிவார்?

செலவும் பெரிதல்ல. பெற்றோருடன் வரும் 6 வயதுக்குட்பட்டவருக்கு ரயிலில் கட்டணமில்லை. 16 வயதுக்குட்பட்டவருக்கு 30 பிராங் ஜூனியர் கார்ட் ஓராண்டுக்குப் போதும்.

இன்று நம்மவரிலும் கடை, உணவகம் நடத்தும் முதலாளிகள் உண்டு. மிக்றோஸைத் தொடங்கிய டுட்வைலர் 1946இல் சூரிச்சுக்கு அருகே றுஷ்லிக்கோனில் இருந்த தம் நிலத்தை அறக்கட்டளையாக்கினார். அது இன்றும் குடும்பங்கள் இளைப்பாறும் பூங்கா. நீங்கள் நிலம் கொடுக்க வேண்டாம். ஆண்டில் ஒரு நாள் கடையைப் பூட்டி, உங்களிடம் உழைப்பவரைக் குடும்பத்தோடு அழையுங்கள். மழை வந்தால் ஒதுங்க ஓரிடமும் முன்கூட்டிப் பார்த்து வையுங்கள்.

பின்னேரம் போய் நள்ளிரவில் திரும்பும் தகப்பனைப் பிள்ளைகள் களைப்போடுதான் காண்கிறார்கள். கூட வேலை செய்வோர் அவரை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை அவர்கள் நேரில் காணக்கூடிய நாள் அது. அதை வீணாக்க வேண்டாம்.