மாதவிலக்குக் கப்பும் தீட்டுப் பேயும்



நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் பெண்கள் சிலர் முந்தானையால் வாயை மூடுகிறீர்கள். ஆண்கள் சிலர் எழுந்து போகப் பார்க்கிறீர்கள். போகவேண்டாம், உட்காருங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேச வந்தேன்.

2018 நவம்பரில் கஜா புயலடித்த இரவு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வயதுக்கு வந்த சிறு பெண்ணைத் தீட்டென்று சொல்லித் தனிக் குடிசையில் படுக்க வைத்தார்கள். தென்னை மரம் சாய்ந்து குடிசைமேல் விழுந்தது, அவள் மாண்டாள். அவளைக் கொன்றது புயலா, தீட்டா? யோசித்துப் பாருங்கள்.

மாதவிலக்கு என்பது என்ன? கருவைத் தாங்குவதற்காகக் கருப்பைக்குள் வளர்ந்த சவ்வு, கரு உண்டாகாதபோது இரத்தத்தோடு வெளியேறுகிறது. அவ்வளவுதான். மூக்குச் சளிக்கு இல்லாத தீட்டு இதற்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது?

இந்த இரத்தத்தை உள்ளேயே ஏந்திக்கொள்ளும் சிறு கப் ஒன்றுக்கு, 1937லேயே அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்ற பெண் பேடண்ட் வாங்கினாள். இன்று அது பெரும்பாலும் வளையக்கூடிய சிலிகானால் செய்யப்படுகிறது. ஒன்று வாங்கினால் பல வருஷம் உழைக்கும். 2019ல் ஆலப்புழை நகரசபை சுமார் 5000 கப்புகளை இலவசமாகவே கொடுத்தது.

உபயோகிக்கும் விதத்தைச் சொல்லுகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குந்தியிருந்து, உடம்பைத் தளர்த்தி, கப்பை மடித்து, நேர் மேலாக அல்லாமல் முதுகெலும்பின் அடிப்பக்கம் நோக்கிச் செலுத்துங்கள். உள்ளே போனதும் அது நன்றாய் விரியவேண்டும். மடிப்பு இருந்தால் கசியும். உள்ளே போய்த் தொலைந்துவிடும் என்று பயப்படவேண்டாம். கருப்பை வாயைத் தாண்டி அது போகாது. 12 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. போக்கு அதிகமானால் முன்னாலேயே எடுத்துக் கொட்டி, சுத்தத் தண்ணீரில் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் நான் அவசரப்பட்டுக் காம்பைப் பிடித்து இழுத்து வலியால் துடித்தேன். அடிப்பாகத்தை இரண்டு விரலால் அமுக்கி, பிடிப்பு விட்டபிறகே மெதுவாய் எடுக்கவேண்டும்.

காப்பர்-டி வைத்திருப்பவர்களும் பிள்ளை பெற்றுச் சில வாரமே ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் உபயோகிக்கக்கூடாது. திடீரென்று கடுஞ்சுரம், வாந்தி, மயக்கம், தோலில் செந்தடிப்பு கண்டால் உடனே கப்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அபூர்வந்தான், ஆனால் உயிருக்கு ஆபத்து.

முதல் முறை உபயோகிக்குமுன்பும், ஒவ்வொரு மாதமும் முடிந்தபின்பும், கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டெடுத்து, உலர்த்தி, துணிப்பையில் வைக்கவேண்டும். இதற்கு வேண்டியது ஒரு பாத்திரம், ஓர் அடுப்பு. சங்கடம் இங்கேதான் இருக்கிறது! அந்தக் கப்பையே தீட்டென்று அடுப்படிக்குள் விடாத வீட்டில் அவள் எங்கே கொதிக்க வைப்பாள்? பச்சைத் தண்ணீரில் அலசி, ஒருவரும் பார்க்காத இருட்டு மூலையில் ஒளித்து வைப்பாள். நோய் வந்தால், கப் ஆகாது என்பீர்கள். ஆகாதது கப் அல்ல, உங்கள் தீட்டு.

கப்தான் வேண்டுமென்று யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. துணி உபயோகிப்பவள்கூட அதை வெயிலில் உலர்த்த உங்கள் வெட்கமல்லவா இடம் கொடுக்கவில்லை?

ஆண் தோழர்களே! மேடைக்கு முன்னால் கைதட்டுவது சுலபம். நாளைக்குச் சந்தையில் ஒரு சிறு பாத்திரம் வாங்கி, உங்கள் கையாலேயே அடுப்பில் ஏற்றி, "இது உனக்கு" என்று மனைவியிடமும் மகளிடமும் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டுத் தீட்டு அந்தக் கொதிநீரிலேயே வெந்துபோகும்.