அணையின் அகவையும் அணைகாப்போர் கடமையும்



கடலை நோக்கிச் சாய்ந்து கிடக்கும் இச் சமவெளியில் ஏர் பிடிக்கும் உழவர்க்கு, மேற்கு மலைக் காட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு நீர்த்தேக்கத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழலாம். முல்லைப் பெரியாற்று நீர் காவிரியில் கலப்பதில்லை. அதனால் பயிர் காண்பன தேனியும் திண்டுக்கல்லும் மதுரையும் சிவகங்கையும் இராமநாதபுரமுமே. ஆயினும், ஓர் அணை எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டவர்கள் காவிரிப் படுகையார். மலைமேல் அணையைக் குறித்து எழுப்பப்படும் கூச்சலை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் அவர்கள் கையில் இருக்கிறது. ஆகலின் அப்பேச்சு இங்கேதான் பேசப்பட வேண்டும்.

முதற்கண் அவ்வணையின் அளவை அறிதல் நன்று. முழுக் கொள்ளளவு 1,566 கோடி கன அடி. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் 9,347 கோடியில் ஆறில் ஒரு பங்கே. அதனுள்ளும் 104 அடி மட்டத்திற்குக் கீழே கிடக்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்திற்கு எட்டாது; தமிழகத்துக்கு வாராது. எஞ்சிய மேல்நீரை நம்பித்தான் ஐந்து மாவட்டத்து உழவும் குடிநீரும் நடக்கின்றன. அங்கே நீர்மட்டத்தில் ஆறடி குறைப்பது என்பது, எழுதுகோல் பிடித்தவர்க்கு ஓர் எண். ஆற்றின் கடைமடையிலே நிற்பவனுக்கு ஒரு போகம்.

1886 அக்தோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுதோறும் 5 உருபா. 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் பெயரைச் சொல்லித் தேனி மாவட்டத்தார் இன்றும் பொங்கலிடுகின்றனர். அந் நன்றியுணர்வு போற்றத்தக்கது. ஆனால் கருங்கல்லும் சுண்ணாம்பும் செங்கற்றூளும் சுமந்து, காட்டுக் காய்ச்சலிலும் கக்கற்கழிச்சலிலும் மாண்டு, அம் மலையிலேயே புதைக்கப்பட்ட கூலியாட்களின் பெயரை எந்தப் பொங்கலும் சொல்வதில்லை.

எண்பத்து நான்கு ஆண்டுகள் அவ்வணையைப் பற்றி எழாத பேரச்சம் 1979-இல் எழுந்தது. அவ்வாண்டு ஆகத்து 11-ஆம் நாள் குசராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் கேரள இதழ்கள், முல்லைப் பெரியாற்று அணை பழையது, அதுவும் உடையும் என எழுதத் தொடங்கின. இவ்விடத்தில் ஒன்றை ஊன்றி நோக்குக. மோர்வியை அழித்த அணை கிழட்டணை அன்று. 1972-இல் கட்டி முடிக்கப்பட்டது. உடைந்த போது அதற்கு ஏழே அகவை! வந்த வெள்ளத்தைக் கழிக்கும் அளவுக்கு அதன் கலிங்கு அமையவில்லை. நீர் மண்கரை மீதேறி வழிந்து கரையை அரித்துக்கொண்டு போயிற்று. ஏழு அகவை அணை உடைந்ததைக் காட்டி எண்பத்து நான்கு அகவை அணையின் மேல் பழி சுமத்தியது எவ்வகை அளவையோ, அவ்விதழ்களுக்கே வெளிச்சம்.

எனினும் நடுவண் நீர் ஆணையத்தின் தலைவர் கே.சி. தாமசு முன்னிலையில் 1979 நவம்பர் 25-இல் கூடிய கூட்டத்தில், வலுப்படுத்தும் வேலைகள் முடியும் வரை நீர்மட்டத்தை 136 அடியாக வைப்பதெனத் தமிழகம் ஒப்பியது. வேலைகளும் நடந்தன. எடையால் நிற்கும் அணை அது. நீர் தள்ளுகின்ற விசையைத் தன் கனத்தால் தாங்குவது. ஆகவே மேலே கற்காரைத் தொப்பி வைத்துக் கனம் கூட்டினர். உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகு வடங்களை இறக்கி, அணையைப் பாறையோடு பிணைத்தனர். பின்புறத்தே கற்காரையால் முட்டுக் கொடுத்தனர். வெள்ளம் கழிக்கும் மதகுகள் பத்தாக இருந்தவை பதின்மூன்றாயின. மோர்வி எதனால் உடைந்ததோ அதற்கும் அங்கே மருந்து செய்யப்பட்டது என்க.

பின்னர் நடந்தது வழக்கு. 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நயன்மன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே 136 அடிக்கு மேல் தேக்கலாகாதெனக் கேரளம் சட்டம் இயற்றிற்று. முன்னாள் தலைமை நடுவர் ஆனந்து தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து, அணை உறுதியாக உள்ளது என 2012-இல் அறிக்கை தந்தது. 2014 மே 7-இல் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 21-இல் நீர் 142 அடியைத் தொட்டது. அணை நின்றது.

எஞ்சியிருந்தது பக்கத்துச் சிற்றணையை வலுப்படுத்தும் வேலை. 240 அடி நீளமுள்ள அவ்வணையின் அடியில் வேலைக்கு இடையூறாக மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை அலுவலர் 2021 நவம்பரில் இசைவு தந்தார். சில நாள்களிலேயே அவ்விசைவு திரும்பப் பெறப்பட்டது! அணை வலுவற்றது என்று வழக்காடுவதும், வலுப்படுத்தப் போனால் வழி மறிப்பதும் ஒரே அரசின் இரு கைகள்.

அணைக்குக் கீழே வண்டிப் பெரியாற்றிலும் உப்புத்தறையிலும் வாழும் எளிய மக்களின் அச்சம் எள்ளத்தக்கதன்று. அவர்களுள் தேயிலைத் தோட்டத் தமிழரும் பலர். தலைக்கு மேலே நீர் தேங்கி நிற்க, மழையிரவில் உறங்குவது எளிதன்று. ஆனால் அவ்வச்சம் வேலையை முடுக்க வேண்டுமே யல்லாது முடக்கலாகாது. அரசியலார்க்கு அச்சம் தேவை. அதனைத் தீர்க்கும் சுண்ணாம்பும் எஃகும் தேவையில்லை.

இனி, இப்பக்கம் திரும்புக.

2018 ஆகத்து 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள், தாங்கிய தூண்களோடு அடித்துக்கொண்டு போயின. 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டியது அம் மேலணை. கொள்ளிடம் தாழ்ந்த ஆறு. விட்டால் காவிரி நீர் முழுவதையும் தன்பால் இழுத்துக்கொள்ளும். அதனை மறித்துக் காவிரிக்கு நீரேற்றித் தஞ்சையைக் காப்பதே அவ்வணையின் பணி. அங்கே மறிப்பதற்குக் கேரளம் இல்லை. இசைவு மறுப்பதற்கு வனத்துறை இல்லை. குத்தகை வழக்கு இல்லை. அணையும் ஆறும் கரையும் கருவூலமும் தமிழகத்துடையன. இருந்தும் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்னர்த் திருவரங்கத்தின் அருகே கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மணலை வரம்பின்றி அள்ளியதால் படுகை தாழ்ந்து அடித்தளம் ஆட்டம் கண்டதென உழவர் கூறினர்; மணல் கரணியமன்று, அணை பழையது என்றது அன்றைய அரசு.

பழையது! இச் சொல்லைக் கேரளம் சொன்னபோது தமிழகம் கொதித்தது; தன் அணை விழுந்தபோது அதே சொல்லின் பின்னே ஒளிந்துகொண்டது. அகவைதான் கரணியம் என்றால், அங்கிருந்து சில கல் தொலைவில், கரிகாலன் பெயர் விளங்கும் கல்லணை எப்போதோ மணலோடு மணலாகியிருக்க வேண்டும். கரைபுரளும் ஆற்றின் மணலிலே கல்லை அமிழ்த்தி, அமிழ அமிழ மேலும் கல்லிட்டுக் களிமண்ணால் பொருத்திய கட்டு அது. காட்டனே அதனைக் கண்டு கற்றவர்; மணல் கழிக்கும் மதகுகளை அதில் அமைத்தவர். தொடாமல் விட்டதால் அது நிற்கவில்லை. தலைமுறைதோறும் தொட்டுத் தொட்டுச் செப்பனிட்டதால் நிற்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என ஓராண்டுப் பொறுப்புடைய குழுவைக் குறிக்கின்றன. ஏரியைக் காப்பதற்கு ஆள் யார் என்பது அக்காலத்துச் சிற்றூரில் கல்லில் வெட்டப்பட்ட செய்தி. பிற்காலத்தார் அவ்வழக்கத்திற்குக் குடிமராமத்து என அயற்பெயர் சூட்டினர். பெயர் போனபின் பொருளும் போயிற்று.

மேலணை ஒன்றுதானா? 2022 செபுதம்பர் 21 விடியற்காலையில், கேரள மலையிலுள்ள தமிழகத்தின் பரம்பிக்குளம் அணையில் எடைக்கல்லின் சங்கிலி அறுந்து ஒரு மதகு பெயர்ந்தது. நொடிக்கு 20,000 கன அடி அளவில் நீர் சாலக்குடி ஆற்றில் வீணே பாய்ந்தது. 2024 ஆகத்து 10-இல் கருநாடகத்துத் துங்கபத்திரை அணையின் 19-ஆம் மதகும் சங்கிலி அறுந்தே போயிற்று. மாபெரும் கட்டுமானங்களைக் கவிழ்ப்பன கற்கள் அல்ல. நெய்யிடாத பற்சக்கரமும் துருவேறிய கண்ணியும். விழுந்தபின் முக்கொம்பில் புதிய கதவணைக்கு ஒதுக்கிய தொகை 387 கோடி உருபாவுக்கு மேல்.

இந்நிலையில் தில்லி ஒரு சட்டம் கொணர்ந்தது. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 திசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநிலத்தில் இருப்பின் அதன் பாதுகாப்பு மேற்பார்வை நடுவண் ஆணையத்தைச் சாரும் என்கிறது அது. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கும் இவ்வாறு தமிழகத்தின் கையினின்று நழுவுகின்றன. தன் அணையைத் தான் காக்கத் தவறுபவன் வீட்டில் அயலான் காவற்காரனாக நுழைவது புதுமையன்று. உரிமை பறிபோகிறது என்று தில்லியை நோக்கி முழங்குவோர், முக்கொம்பில் ஏன் உரிய காலத்தில் ஒரு தூணைக்கூட ஆராயவில்லை என்று சென்னையை நோக்கியும் முழங்கியிருந்தால், அம்முழக்கத்திற்கு வலு இருந்திருக்கும்.

அதே சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அணையையும் ஆராய வேண்டுமென விதிக்கிறது. அவ்வாராய்ச்சிக் குறிப்புகள் எம்மொழியில் எழுதப்படுகின்றன? ஆங்கிலத்தில். ஆனந்து குழுவின் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான். மதகை ஏற்றி இறக்கும் ஊழியனும், அதன் கீழே நாற்று விட்டவனும் படிக்க இயலாத மொழியில் அவர்களின் உயிர்க்காப்பு எழுதப்பட்டு, அலுவலகப் பேழையில் உறங்குகிறது. மேட்டூர் முதல் கீழணை வரையும், முல்லைப் பெரியாறு முதல் பரம்பிக்குளம் வரையும், தமிழகம் காக்கும் ஒவ்வோர் அணையின் ஆய்வுக் குறிப்பும் தமிழில் எழுதப்பட்டு, எந்தத் தூண் எந்நிலையில் உள்ளது, எந்தச் சங்கிலி எப்போது மாற்றப்பட்டது என்பது ஊராட்சி மன்றப் பலகையில் ஆண்டுக்கு இருமுறை ஒட்டப்பட வேண்டும். உழவர் குறைதீர் கூட்டம் மாவட்டந்தோறும் நடக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்து உழவர்கள் அடுத்த கூட்டத்தில் உரத்தையும் கொள்முதலையும் பேசி முடித்தபின், இதனை எழுத்தில் கேட்டு, விடையைத் தமிழில் பெற்று வருவாராக.