காத்திருந்த ஒரு மாதம்



தாண்டிக்குடியில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், அம்மை குத்துபவர் மலையேறி வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னரே ஊருக்குள் வந்துவிடும். நாங்கள் காப்பிச் செடிகளுக்கிடையே ஓடி ஒளிந்துகொள்வோம். என் பாட்டியார் காதைப் பிடித்து இழுத்துச் சென்று என்னை அவர் முன் நிறுத்தினார். அன்று பெற்ற தழும்பு இன்றும் என் கையில் இருக்கிறது. அந்தத் தழும்பு உங்களுக்கு இராது; பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது.

அன்று ஊசிக்கு அஞ்சி ஓடிய நானே, 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கண்டு பொறாமையால் வெந்தேன்.

கொரோனாத் தடுப்பூசி நம் நாட்டில் அவ்வாண்டு சனவரி 16-ஆம் நாள் தொடங்கிற்று. மருந்து குறைவாதலால் வரிசை வகுத்தார்கள். மருத்துவப் பணியாளரும் முன்களப் பணியாளரும் முதலில். மார்ச்சு 1 முதல், 60 வயது நிரம்பியவர்களும், 45 வயதுக்கு மேற்பட்டுக் குறிப்பிட்ட சில நோய்கள் உடையவர்களும். அந்நோய் முதியோரையும் நோயாளிகளையுமே மிகுதியாக மாய்த்தது. வரிசை நியாயமானதே. ஆனால் எனக்கு அப்போது வயது 58; உடம்பில் நோய் ஒன்றும் இல்லை!

ஏப்ரல் 6-இல் சட்டமன்றத் தேர்தல். அப்பணிக்குச் செல்லும் ஆசிரியர்களுக்கும் முன்னதாகவே ஊசி போட்டார்கள். நானோ ஓய்வு பெற்றுவிட்டேன். என்னிடம் பயின்று ஆசிரியரான ஒருவர் கையைத் தடவிக்கொண்டே, "இரவு இலேசான காய்ச்சல், ஐயா" என்றார். அந்தக் காய்ச்சலும் எனக்கு வேண்டும்போல் இருந்தது. அழுக்காறாமை அதிகாரத்தை எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான்.

இதுவரை நீங்கள் சிரிக்கலாம். இனிச் சொல்வது அத்தகையதன்று.

என் அடுத்த வீட்டுக்காரர் 50 வயதைக் கடந்தவர். இதயத் தளர்ச்சிக்காகச் சில மாதங்களுக்கு முன்பு மருத்துவமனையில் இருந்து திரும்பியவர். மார்ச்சிலேயே அவர் முறை வந்துவிட்டது. ஊரில் உலவிய வதந்திகளைக் கேட்டு அவர் அஞ்சினார். ஒரு மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "வாத்தியாரையா, போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

"அது உங்கள் விருப்பம்" என்றேன்.

கோவிஷீல்டுக் குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் 4 மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும், மிஞ்சினால் வீண். இவரைப்போல் சிலர் வாராதிருந்தால், மிஞ்சுவதில் ஒரு பங்கு எனக்குக் கிட்டாதா என்று என் மனம் கணக்கிட்டது. அவர் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். எனக்கும் ஒன்றும் கிட்டவில்லை.

ஏப்ரல் 1 முதல் 45 வயது நிரம்பிய அனைவருக்கும் என்று ஆயிற்று. அன்று காலையிலேயே போட்டுக்கொண்டேன். பொறாமை போன இடம் தெரியவில்லை. மாலையில் நானாகவே அவர் வீட்டுக்குச் சென்று, தடுப்பூசி உடலில் எவ்வாறு வேலை செய்கிறது, அவரைப் போன்றவர்களுக்கு அது ஏன் இன்றியமையாதது என்றெல்லாம், பயிற்சிப் பள்ளியில் கற்ற முறைப்படி அரைமணி நேரம் விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இவ்வளவும் போன மாதம் தெரியாதா, வாத்தியாரையா?" என்றார்.

சில நாள் கழித்து அவரை நானே அழைத்துச் சென்றேன். வழியெல்லாம் அவர்தாம் பேசிக்கொண்டு வந்தார்.