வெற்றிலை மண்ணில் ஒரு வைரஸ்

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவருக்கும், விடியலில் வலையோடு கரையேறுகிறவருக்கும் வெற்றிலை புதிதல்ல. பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. பழி அந்த இலை மேல் இல்லை. கூடச் சேரும் புகையிலையும் பாக்கும்தான் வாய்ப்புற்றுக்கு வழி விடுகின்றன.

ஆனால் புகையிலையைத் தொடாதவருக்கும் தொண்டையில் புற்று வருவதுண்டே?

அங்கே கைகாட்டப்படுவது எச்.பி.வி. என்ற வைரஸ், குறிப்பாக அதன் 16-ஆம் வகை. கருப்பைவாய்ப் புற்றுக்கு இந்த வைரஸே காரணம் என்று கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். அதே வைரஸ் டான்சிலிலும் அடிநாக்கிலும் குடியேறும். பெரும்பாலும் உடலே விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் ஆண்டுக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும்.

அமெரிக்காவில் டான்சில், அடிநாக்குப் புற்றுகளில் பெரும்பகுதி இதன் வேலை. நம்மூரில் புகையிலைதான் இன்னும் முதல் குற்றவாளி. ஓர் ஆறுதல், வைரஸ் வழி வந்த புற்று சிகிச்சைக்கு நன்றாகவே இணங்குகிறது. முதல் அறிகுறி பல சமயம் கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் சிக்கல். மூன்று வாரமாகியும் கரையாத கட்டியைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

புனேயின் சீரம் நிறுவனம் 2023-ல் அறிமுகப்படுத்திய எச்.பி.வி. தடுப்பூசியைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, 9 வயதிலிருந்து ஆண்பிள்ளைகளுக்கும் போடலாம்.