கட்டளை இட்டால் மட்டும் போதுமா?



மேசை மேல் ஓடும் மாதிரி இரயில், பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுதான். ஆனால், பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் அங்கே பொறியியல் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். அங்குள்ள நகரும் தண்டவாளம் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறதோ, அதற்கேற்பவே வண்டியின் பாதை அமையும்.

ஒன்றிரண்டு பாயிண்டுகளை விரலால் தள்ளிவிடலாம். இருபது, முப்பது என்று பெருகினால் மின்சாரத்தைத்தான் நாட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, மின்காந்தச் சுருள். இது கண்ணிமைக்கும் நேரத்தில் தண்டவாளத்தை இழுத்துவிடும். ஆனால், பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் சுருள் கருகிவிடும். ஆகவே, மின்தேக்கியில் மின்சாரத்தைச் சேமித்து ஒரே வீச்சில் செலுத்துவார்கள். மற்றொன்று, மெதுவாக நகர்த்தும் சிறு மோட்டார்.

இவற்றைக் கணினியோடு இணைத்துவிட்டால், ஒரே பொத்தானில் முழுப் பாதையும் தயாராகிவிடும். பலர் ஏமாறுவதும் இங்கேதான். கணினி கட்டளை இட்டுவிட்டதால் பாயிண்ட் நகர்ந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு சிறு கல் சிக்கினாலும் அது பாதியில் நின்றுவிடும். திரையில் பச்சை விளக்கு எரியும். மேசையில் வண்டி தடம்புரண்டு கிடக்கும்.

இதற்குத் தீர்வு, பதில் பெறும் ஏற்பாடு. தண்டவாளம் உரிய பக்கம் வந்து ஒட்டியதும் சிறிய சுவிட்ச் ஒன்று கணினிக்குத் தகவல் தர வேண்டும். அது வரும்வரை அந்தப் பாதைக்கு மின்சாரம் போகக்கூடாது. அந்த சுவிட்சும் மோட்டாரைக் கவனித்தால் போதாது; தண்டவாளத்தையே கவனிக்க வேண்டும். ஏனெனில், இடையிலுள்ள கம்பி கழன்றுவிட்டால் மோட்டார் மட்டும் நகரும்.

பெரிய இரயில்களுக்கும் இதுவே அடிப்படை. 2023 ஜூன் 2ஆம் தேதி, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு இரயில் ஒடிசாவின் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானது. நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாயிண்டோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. வண்டி, அங்கே நின்ற சரக்கு இரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டனர். சமிக்ஞைக் கம்பி இணைப்புகளில் நேர்ந்த தவறே காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

மேசையில் கவிழ்ந்த வண்டியைக் கையால் தூக்கி வைத்துவிடலாம். அந்த மேசையிலேயே பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொள்ளட்டும்: ஏவிய வேலை முடிந்ததா என்று கேட்டறிந்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.