கண்ணுக்குள்ளே ஒரு திரை



விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தலைவிளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், மங்கலான நட்சத்திரம் ஒன்று கடைக்கண்ணில் தெரியும். அதையே நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் மீண்டும் தெரியும். நட்சத்திரமா நம்மோடு கண்ணாமூச்சி ஆடுகிறது? இல்லை. நம் கண்ணுக்குள் நரம்பணுக்கள் அமைந்திருக்கும் விதம் அப்படி. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கண்ணின் உட்புறத்தில், பின்சுவரோடு ஒட்டினாற்போல ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதற்கு விழித்திரை என்று பெயர். அதன் கனம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அதற்குள்ளே நரம்பணுக்கள் மூன்று வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

கடைசி வரிசை ஒளியைப் பிடிக்கும் வரிசை. நடு வரிசை அந்தச் செய்தியை வாங்கிக் கொடுக்கும் வரிசை. முன் வரிசை அதை மூளைக்கு அனுப்பும் வரிசை. இதில் ஒரு வியப்பு உண்டு. ஒளியைப் பிடிக்கும் அணுக்கள் முன்னால் இல்லை, எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கின்றன. முன்னால் இருக்கும் இரண்டு வரிசைகளும் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால், ஒளி அவற்றை ஊடுருவிப் பின்னால் போய்ச் சேருகிறது.

ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சந்தியாகோ ரமோன் இ கஹால் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்த அணுக்களுக்குச் சாயமேற்றி, நுண்பெருக்கியில் பார்த்துக் கையாலேயே படமாக வரைந்தார். நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1906இல் அவருக்கும், அந்தச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்த இத்தாலிய அறிஞர் கோல்ஜிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியைப் பிடிக்கும் அணுக்களில் இரண்டு வகை உண்டு. குச்சி வடிவில் இருப்பவை ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடி. இவை மங்கிய ஒளியிலும் வேலை செய்யும், ஆனால் நிறம் அறியா. கூம்பு வடிவில் இருப்பவை ஏறத்தாழ 60 இலட்சம். நிறத்தையும் நுட்பத்தையும் காட்டுபவை இவைதான். ஆனால் இவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மூளைக்குச் செய்தி அனுப்பும் முன் வரிசை அணுக்களோ சுமார் 10 இலட்சம்தான்!

இத்தனை கோடிச் செய்திகள் பத்து இலட்சத்தில் எப்படி அடங்கும்? நமக்குத் தெரிந்த வேலையைக் கொண்டே சொல்கிறேன். பல மரங்களின் மங்குகளில் உள்ள பாலை ஒரே வாளியில் ஊற்றுகிறோம். ஒவ்வொரு மங்கிலும் கொஞ்சமே இருந்தாலும் வாளி நிறைந்துவிடும். ஆனால் எந்தப் பால் எந்த மரத்தினுடையது என்று பிறகு சொல்ல முடியாது. விழித்திரையின் ஓரங்களில் நடப்பது இதுதான். பல குச்சி அணுக்களின் சிறுசிறு செய்திகள் ஒன்றாகச் சேருகின்றன. அதனால் மங்கிய நட்சத்திரமும் தெரிகிறது, ஆனால் நுட்பம் இல்லை. விழித்திரையின் நடுவில் சிறு குழி ஒன்று உண்டு. அங்கே கூம்பு அணுக்கள் மட்டுமே நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு மங்குக்கும் ஒரு தனி வாளி வைத்தது போல ஏற்பாடு. ஊசியில் நூல் கோப்பதும், கடிதம் படிப்பதும் அந்தக் குழியால்தான். ஆனால் இருட்டில் அந்த நடுப்பகுதிக்கு வேலை இல்லை. நேராகப் பார்த்த நட்சத்திரம் மறைவது அதனால்தான்.

இப்போது பிள்ளைகள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று அங்குல இடைவெளியில் மிளகளவு இரண்டு புள்ளிகள் வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடப்பக்கப் புள்ளியையே பாருங்கள். தாளை ஒன்றரை அடி தூரத்திலிருந்து மெதுவாக அருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ ஓர் அடி தூரத்தில் வலப்பக்கப் புள்ளி காணாமற் போய்விடும்! முன் வரிசை அணுக்களின் பத்து இலட்சம் இழைகளும் ஒன்றுகூடிக் கண்ணைவிட்டு வெளியேறும் வாசல் அது. அங்கே ஒளியைப் பிடிக்கும் அணு ஒன்றுகூட இல்லை.

பிறந்தது முதல் நம் கண்ணில் இந்தக் குறை இருக்கிறது. இருந்தும் நாம் அறியவில்லையே, ஏன்? மற்றக் கண் அதை ஈடு செய்கிறது. ஒரு கண்ணை மூடினாலும், மூளை அந்த இடைவெளியை நிரப்பிக் காட்டுகிறது. நேயர்களே, இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நோயால் ஏற்படும் இடைவெளியையும் மூளை இப்படியே மறைத்துவிடும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அடிக்கடி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். "தாத்தாவுக்குக் கவனம் போதவில்லை" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரோ, "கண்ணில் புரைதான், பிறகு அறுவை செய்துகொண்டால் போகிறது" என்று இருந்துவிட்டார். பரிசோதித்தபோது அது புரையல்ல, கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. முன் வரிசை அணுக்களும் அவற்றின் இழைகளும் வலியே இல்லாமல் அழிந்து, பக்கப் பார்வை போயிருந்தது. புரையை அகற்றினால் பார்வை திரும்பலாம். செத்துப்போன நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய பார்வையைத்தான் மருந்தால் காக்க முடிந்தது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் இப்படித்தான். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும்போது வலியும் இராது, பார்வையும் குறையாது. ஆகவே இனிப்பு நீர் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டிக்கொள்ளுங்கள். நாற்பது வயது கடந்தவர்களும், குடும்பத்தில் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. சில மணி நேரம் பார்வை கூசும். எனவே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகாமல், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் பெரியவர் யாராவது அடிக்கடி இடித்துக்கொண்டால் சிரிக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.