பூச்சிகளின் பருவ மாற்றமும் இல்லறத்தாரின் கொல்லாமையும்

(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான நிலப்பரப்பு, ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த பூமி. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று வயலும் ஆலையும் ஒரே மதிலின் இருபுறமும் நிற்கின்றன. வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் தொன்றுதொட்டு ஏர் பிடித்து வாழ்ந்தவர்கள் தமிழ்ச் சமணர்கள். அவ்வட்டாரங்களிலிருந்து ஆலைப் பேருந்துகளில் ஏறி இளைஞர்கள் நாள்தோறும் இப்பகுதிக்கு வருகின்றனர்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஊரில் தந்தையின் நெல் வயலில் புகையான் விழுந்திருக்கிறது. ஒரகடத்தில் மகன் தங்கியிருக்கும் வாடகை அறையின் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு நெளிகிறது. தந்தை மருந்து தெளிப்பான் ஒன்றைத் தோளில் மாட்ட வேண்டும். மகனும் ஏதேனும் செய்தாக வேண்டும். நீரை வடிகட்டிப் பருகியும், பொழுது சாய்ந்தபின் உண்ணாமலும் சிற்றுயிர்களைக் காத்து வந்த குடும்பம் அது. விளைச்சலையும் உடல்நலத்தையும் காத்துக்கொண்டே கொல்லாமையைக் காக்க இயலுமா என்பதே அவர்கள் முன் நிற்கும் வினா. பூச்சியின் வளர்ச்சியை ஆளும் ஹார்மோன்கள் பற்றிய அறிவியல் இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகிறது. அந்த அளவு எது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் பகுத்து, சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் என்றும், நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர் என்றும் கூறுகிறது. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம், புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புலன் மிகுவதாகச் சொல்கிறது. இவ்விரு நூல்களின் பார்வையிலும் பூச்சி என்பது புலனுடைய உயிர். ஆகவே அதனை வெறும் பீடை என்று மட்டும் கொள்வது சமணர்க்கு ஒவ்வாது.

பூச்சிக்கு உள்ளே எலும்பு இல்லை. கைட்டின் என்னும் பொருள் கலந்த மேலுறையே அதற்குக் கவசமும் எலும்பும் ஆகும். அவ்வுறை உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. எனவே வளர வேண்டுமானால் பழைய சட்டையை உரித்துப் புதிய சட்டையைப் பூண வேண்டும். புழு சட்டை உரித்துப் பெரிய புழுவாவதும், கூட்டுப்புழுவாவதும், பின்னர் அந்துப்பூச்சியாவதும் இவ்வாறே நிகழ்கின்றன. பொருள் ஒன்றே, பரியாயங்கள் பல என்னும் சமணக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான காட்சி அரிது.

இம்மாற்றங்களை ஆள்வன முதன்மையாக இரண்டு ஹார்மோன்கள். 'சட்டையை உரி' என்று ஆணையிடுவது எக்டைசோன். 'இன்னும் இளமையிலேயே இரு' என்று தடுத்து நிறுத்துவது இளம்பருவ ஹார்மோன். எக்டைசோன் சுரக்கும் வேளையில் இளம்பருவ ஹார்மோன் மிகுந்திருந்தால் புழு மீண்டும் புழுவாகவே சட்டை உரிக்கும். அது குறைந்து மறைந்தால்தான் முதிர்ந்த பூச்சி தோன்றும். உரிய ஹார்மோன் உரிய நேரத்தில் சுரக்க வேண்டும்; நேரம் தவறினால் வளர்ச்சி குலையும்.

இவ்வுண்மை எளிதில் புலப்படவில்லை. போலந்து அறிஞர் ஸ்டெஃபான் கோபெச், கம்பளிப்புழுவின் உடலை நூலால் இறுகக் கட்டிப் பார்த்து, தலைப்பகுதியிலிருந்து வரும் ஒரு சுரப்பே பருவ மாற்றத்தைத் தூண்டுகிறது என்று 1917 தொடங்கி 1922 வரையிலான ஆய்வுகளால் காட்டினார். இங்கிலாந்தின் விக்கிள்ஸ்வொர்த் 1930களில் இரத்தம் உறிஞ்சும் மூட்டுப்பூச்சியினம் ஒன்றை ஆராய்ந்து, இளமையை நிலைநிறுத்தும் சுரப்பு உண்டு என்று நிறுவினார். 1954இல் ஜெர்மனியின் பூட்டெனாண்டும் கார்ல்சனும் எக்டைசோனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். இவ்வறிவைப் போற்றும்போது, அதற்கு ஈடாக எத்தனை உயிர்கள் மாய்ந்தன என்பதையும் மறைக்காமல் சொல்வதே வாய்மை.

இளம்பருவ ஹார்மோனைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1956இல் சொன்னவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கரோல் வில்லியம்ஸ். பின்னர் 1960களின் நடுவில் பிராகா நகரிலிருந்து அவரிடம் வந்த காரெல் ஸ்லாமா, தம்முடன் ஒருவகைச் செந்நிற மூட்டுப்பூச்சிகளைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் ஒழுங்காக வளர்ந்த அப்பூச்சிகள் அமெரிக்காவில் முதிர்ச்சி அடையவே இல்லை. மேலும் ஒருமுறை சட்டை உரித்துப் பெரிய இளம்பூச்சிகளாகி மடிந்தன. காரணத்தைத் தேடியபோது, வளர்ப்புக் கிண்ணத்தில் விரித்த காகிதமே காரணம் எனத் தெரிந்தது. அமெரிக்க பால்சம் ஃபிர் மரக்கூழால் ஆன செய்தித்தாள்களும் அவ்வாறே செய்தன. இலண்டன் நாளிதழ்த் தாள் செய்யவில்லை. அம்மரம் பூச்சியின் ஹார்மோனை ஒத்த பொருளைத் தன்னுள் வைத்திருந்தது. நெல் வயல்களில் களையாக முளைக்கும் ஒரு கோரையில் பூச்சியின் இளம்பருவ ஹார்மோனே இருப்பது 1988இல் அறியப்பட்டது. செடிகள் தம்மைத் தின்ன வரும் பூச்சிகளின் மொழியைக் கற்றுவைத்திருக்கின்றன போலும்.

தமிழ்நாட்டு வேம்பும் அவ்வாறு கற்ற மரமே. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லா மரங்களையும் மொட்டையடித்தபோது வேம்பு மட்டும் பசுமையாக நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் தில்லியில் பிரதான் என்னும் வேளாண் அறிஞர் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்தார். வெட்டுக்கிளிகள் வந்து அமர்ந்தும் உண்ணாமல் அகன்றன. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் பொருள் இரு வேலைகளைச் செய்கிறது. முதலில் பூச்சியின் உண்ணும் விருப்பத்தைத் தடுக்கிறது. அதையும் மீறி உண்டால், எக்டைசோன் சுரப்பைக் குழப்பிச் சட்டை உரித்தலைக் கெடுக்கிறது. சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனம், அறிஞர் டி.என். அனந்தகிருஷ்ணன் காலத்திலிருந்து பூச்சிக்கும் செடிக்கும் உள்ள உறவை ஆராய்ந்து வருவது. வேப்பெண்ணெயையும் புங்க எண்ணெயையும் இணைத்த 'பொன்னீம்' என்னும் பூச்சித் தடுப்பு அங்கு உருவானதே.

இவ்வறிவு வருவதற்கு முன் உழவர் கையில் இருந்தவை நரம்பைத் தாக்கும் நஞ்சுகள். அவை நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்று பிரித்தறியா. புகையானை உண்ணும் சிலந்திகளை அவை முதலில் கொன்றன. அதனால் புகையான் முன்னிலும் பெருகியது. இதை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. அத்தகைய நஞ்சு ஒன்றைச் செய்த ஆலையில்தான் 1984 டிசம்பரில் போபால் பேரழிவு நேர்ந்தது. ஆலைகள் சூழ வாழ்பவர்கள் அதனை மறத்தல் ஆகாது.

ஹார்மோன் வழி மருந்துகள் இவற்றினும் மென்மையானவை. மனிதருக்கும் பறவைக்கும் இச்சுரப்புகளோ கைட்டின் உறையோ இல்லாமையால், அவர்களுக்கு நேரும் தீங்கு மிகக் குறைவு. இளம்பருவ ஹார்மோனைப் போன்ற மெத்தோபிரீன் 1975இல் அமெரிக்காவில் கொசுப்புழுக்களுக்கு எதிராகப் பதிவு பெற்றது. இந்தியாவிலும் பைரிபிராக்சிஃபென், டைஃபுளுபென்சுரான் ஆகியவை கொசுப்புழு ஒழிப்பில் இடம்பெற்றுள்ளன. புகையானுக்கு எதிரான புப்ரோஃபெசின், கைட்டின் உறை உருவாவதைத் தடுப்பது.

ஆயினும் சில உண்மைகளை நேர்நின்று காண வேண்டும். கைட்டின் உறை நண்டுக்கும் இறாலுக்கும் உண்டு. அதைத் தடுக்கும் மருந்து ஏரியில் கலந்தால் அவையும் மடியும். செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளின் நீர்வழிகள் சூழ்ந்த இப்பகுதியில் அது சிறு செய்தி அன்று. பழமரங்களுக்குத் தெளித்த ஃபெனாக்சிகார்ப் என்னும் ஹார்மோன் ஒப்புமருந்தால், இத்தாலியில் பட்டுப்புழுக்கள் கூடு கட்ட இயலாமல் போயின. கட்டடங்களில் சிதலுக்கு வைக்கப்படும் ஹெக்சாஃபுளுமுரான் இரை, மனிதருக்குத் தீங்கற்றது எனினும், ஒரு புற்றின் குடி முழுவதையும் மெல்ல அழிக்க வல்லது. மென்மை மனிதருக்கே, பூச்சிக்கு அன்று. சட்டை உரிக்க முடியாமல் மடியும் புழுவும் மடிந்த உயிரே. ஆகவே 'ஹார்மோன் மருந்து கொலை ஆகாது' என்று யாரேனும் சொன்னால், அது விற்பனைச் சொல்லாக இருக்கலாமே அன்றி அறச்சொல் ஆகாது.

பின் என்ன செய்வது? சமண ஆசிரியர்கள் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்றே கருதிச் செய்வது சங்கல்ப இம்சை. அது முற்றும் விலக்கத் தக்கது. இல்லக் கடமையிலும், தொழிலிலும், தற்காப்பிலும் நேர்வன ஏனைய மூன்று; அவை இயன்ற அளவு குறைக்கத் தக்கவை. உள்ளத்தில் எழும் விருப்பு வெறுப்புகளே இம்சையின் வேர் என்றார் அமிர்தசந்திரர். எனவே எந்த மருந்து என்பதைவிட, மருந்து தேவைப்படும் நிலை வராமல் எவ்வளவு விழிப்புடன் இருந்தார் என்பதே இல்லறத்தாருக்கு அளவுகோல்.

அவ்விழிப்புக்கு அறிவியலே வரிசை வகுத்துத் தருகிறது. முதற்படி, பிறவாமல் காத்தல். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து முதிர்ச்சி அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். தொட்டியை இறுக மூடி வைத்தால் அது முட்டையிடவே இடமில்லை. கொல்ல வேண்டிய புழுவும் இல்லை. மூட இயலாத கலங்களில் நீரை வாரம் ஒருமுறை தவறாமல் மாற்றி, உலரவிட வேண்டும். பழைய டயர்களும் பெயிண்ட் வாளிகளும் மழையில் கிடக்கும் தொழிற்பேட்டை ஓரங்களில் இது தனிவீட்டுப் பணி அன்று, தெருவாரின் கூட்டுப்பணி.

இரண்டாம் படி, விலக்குதல். வேப்பங்கொட்டைச் சாறு இப்படியிலேயே பெரிதும் பயன்படும். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் 5 சதவீதச் சாறு ஆகும். வெயிலில் அசாடிராக்டின் சிதைவதால் மாலையில் தெளிக்க வேண்டும். பூச்சி வந்தபின் தெளிப்பதைவிட, வருமுன் தெளித்தால் பல பூச்சிகள் உண்ணாமலே அகலும்.

மூன்றாம் படி, இயற்கையின் சமநிலையைக் குலைக்காதிருத்தல். வயலில் சிலந்தியும் தும்பியும் வாழ்ந்தால் புகையான் எல்லை மீறாது. புகையான் கண்ட வயலில் நீரை வடித்து, யூரியாவைக் குறைத்து, நடும்போதே இடைவெளி விட்டால் பாதி வேலை முடிந்தது. ஹார்மோன் வழி மருந்து கடைசிப் படியில் நிற்பது. பிற வழிகள் தோற்ற இடத்தில், சிறிய அளவில், நீர்நிலைக்குத் தொலைவில், வருத்தத்தோடு கைக்கொள்ளத் தக்கது. நரம்பு நஞ்சை நாடுவதினும் அது நன்று, நன்மை அன்று.

காஞ்சிக்கு அருகில் திருப்பருத்திக்குன்றத்து வர்த்தமானர் திருமுன் கைகூப்பும் குடும்பத்தாருக்கு இவ்வறிவு எதையும் மன்னித்துவிடவில்லை. செயலின் விளைவைத் தெளிவாகக் காணும் கண்ணை மட்டும் தருகிறது. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஞானத்துக்குப் பின்னரே ஒழுக்கம் வைக்கப்பட்டதன் காரணம் இதுவே எனலாம். இன்று மாலை இல்லம் திரும்புவோர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்ப்பார்களாயின், இவ்வுரை பயன் பெற்றதாகும்.

வாழ்க அறவாழி!